பிலடெல்பியாவின் காய்ச்சலும் இரண்டு சிறுநூல்களும்

1793ஆம் ஆண்டு நவம்பர் நடுவில், பிலடெல்பியாவை விட்டு ஓடியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தாங்கள் இல்லாத நாட்களில் நகரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொருவருக்கும் ஆவல். அந்த நேரத்தில் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், நகரைச் சூறையாடிப்போன மஞ்சள் காய்ச்சலைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அது விறுவிறுவென்று விற்று, இரண்டே மாதங்களில் நான்கு பதிப்புகள் கண்டது. அந்நூலின் ஒரு பத்தி இரண்டு பேரை ஆழமாகப் புண்படுத்தியது. ஒருவர் அப்சலோம் ஜோன்ஸ், இன்னொருவர் ரிச்சர்ட் ஆலன். இருவரும் அடிமைகளாகப் பிறந்து, பின்னர் விடுதலை பெற்றவர்கள். 1794 ஜனவரியில் அவர்கள் தங்கள் சார்பில் ஒரு மறுப்பு நூலை அச்சிட்டார்கள்.

ஒரே நகரத்தின் ஒரே நூறு நாட்களைப் பற்றியவை இவ்விரண்டு நூல்களும். மருத்துவ வரலாற்றுக்காரர்கள் இவற்றில் நோய்க்குறிகளைத் தேடுவார்கள். எனக்கு இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது வேறொன்று தென்படுகிறது. பேரிடரை எழுதுகிறவர் யாரைப் பெயர் சொல்லி எழுதுகிறார், யாரைக் கும்பலாக்கி எழுதுகிறார் என்பதில்தான் இந்த நூல்கள் ஒன்றுக்கொன்று எதிரெதிரே நிற்கின்றன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிலடெல்பியா அப்போது அமெரிக்கக் குடியரசின் தலைநகரம். சுற்றுப்பகுதிகளையும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்தார்கள். அந்தக் கோடையில் கரீபியப் பகுதியான செயின்ட் டொமிங்கில், அதாவது இன்றைய ஹைட்டியில், அடிமைகளின் கிளர்ச்சி முற்றி, அகதிகளை ஏற்றிய கப்பல்கள் டெலவேர் ஆற்றில் வந்து சேர்ந்தன. ஆகஸ்டில் ஆற்றங்கரையை ஒட்டிய வாட்டர் தெருவில் சாவுகள் தொடங்கின. ஆகஸ்ட் 19 அன்று அங்கே ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்த டாக்டர் பெஞ்சமின் ரஷ், இது மஞ்சள் காய்ச்சல்தான் என்று அறிவித்தார். படகுத்துறையில் கொட்டப்பட்டு அழுகிக் கிடந்த காப்பிக்கொட்டையின் நாற்றமே காரணம் என்பது அவர் முடிவு. கப்பலில் வந்த தொற்றுதான் காரணம் என்றார்கள் வேறு சில மருத்துவர்கள். கொசுவை யாரும் நினைக்கவில்லை. அதை 1881இல் கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே சொல்ல வேண்டியிருந்தது; 1900இல் வால்டர் ரீடின் குழு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 10 அன்று குடியரசுத் தலைவர் வாஷிங்டன் ஊரை விட்டுப் புறப்பட்டார். நிதிச் செயலர் ஹாமில்டன் காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். வசதி உள்ளவர்கள் ஆயிரமாயிரமாக வெளியேறினார்கள். குளிர் வந்து கொசு அடங்குவதற்குள் ஏறக்குறைய 5,000 உயிர்கள் போயிருந்தன. நகரின் பத்தில் ஒரு பங்கு அது.

கேரி 1760இல் டப்ளினில் பிறந்தவர், கத்தோலிக்கர். எழுத்தினால் ஆட்சியாளர்களின் கோபத்துக்கு ஆளாகி ஊரை விட்டு ஓடியவர்; பிரான்சில் பெஞ்சமின் பிராங்க்ளினின் அச்சகத்தில் வேலை பார்த்தவர்; 1784இல் அமெரிக்கா வந்து, லஃபாயெட் தந்த பணத்தைக் கொண்டு பத்திரிகை தொடங்கியவர். நாடு துரத்திய மனிதர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும். அவர் கொடியவர் அல்ல. தெருவைப் பார்க்கத் தெரிந்த, பார்த்ததைச் சட்டென்று வரைந்துவிடத் தெரிந்த எழுத்தாளர்.

அவர் நூலின் சிறந்த பக்கங்கள் பயத்தைப் பற்றியவை. வினிகரில் நனைத்த பஞ்சை மூக்கில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். சட்டைப்பையிலும் செருப்பிலும் பூண்டு வைத்துக்கொள்கிறார்கள். காற்றைத் தூய்மையாக்க வாசலில் தீ மூட்டுகிறார்கள், துப்பாக்கி வெடிக்கிறார்கள். பெண்களும் சிறுவர்களும்கூடச் சுருட்டுப் பிடிக்கிறார்கள். வீடுகளின் ஓரமாகப் போகப் பயந்து எல்லாரும் நடுத்தெருவில் நடக்கிறார்கள். கைகுலுக்கும் வழக்கம் நின்றுபோகிறது. கணவன் மனைவியை விட்டு ஓடுகிறான், பெற்றோர் பிள்ளைகளை விட்டு ஓடுகிறார்கள். ஓயாது ஒலித்த சாவுமணி உயிரோடிருப்பவர்களின் மனத்தைக் கலைப்பதால் அதை நிறுத்திவிடும்படி மருத்துவர் சங்கம் கேட்டுக்கொள்கிறது. நகரின் அந்த நாட்களை இன்று யார் எழுதினாலும் இந்தப் பக்கங்களிடம் கடன் வாங்காமல் எழுத முடியாது.

நல்லவர்களையும் அவர் விடவில்லை. ஓடாமல் நின்ற மேயர் மேத்யூ கிளார்க்சனைப் போற்றுகிறார். நகருக்கு வெளியே புஷ் ஹில் என்ற மாளிகையில் அவசரமாக அமைந்த மருத்துவமனை முதலில் பிணக்கொட்டகையாக இருந்தது. அதை நடத்தத் தாமாக முன்வந்த வணிகர் ஸ்டீபன் ஜிரார்டையும் பீட்டர் ஹெல்மையும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார். அந்தக் கொண்டாட்டத்துக்கு அவர்கள் முழுத் தகுதியும் உடையவர்கள். ஜோன்ஸ், ஆலன் ஆகியோரின் பெயரையும் சொல்லி, அவர்கள் செய்த பணி மிகப் பெரியது, அதற்கு வெளிப்படையான நன்றி உரியது என்று எழுதுகிறார்.

அதே இடத்தில்தான் புண்படுத்திய அந்தப் பத்தியும் வருகிறது. செவிலியருக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டைக் கறுப்பின மக்களில் கீழ்த்தரமான சிலர் பயன்படுத்திக்கொண்டார்கள், ஒரு டாலர் கொடுத்தாலே போதுமான ஓர் இரவு வேலைக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து டாலர் வரைகூடப் பிடுங்கினார்கள், சிலர் நோயாளிகளின் வீட்டில் திருடினார்கள் என்கிறார் கேரி. சிலரின் குற்றத்தை எல்லார்மேலும் சுமத்துவது தவறு என்ற எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறார். அவர் நியாயமாக நடந்துகொள்வதாகவே நம்பியிருக்க வேண்டும். ஆனால் புகழும்போது பெயர்கள் இருக்கின்றன; பழிக்கும்போது ஒருவருக்கும் பெயர் இல்லை. பெயரில்லாத குற்றவாளி யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருந்த ஒவ்வொரு கறுப்பினப் பெண்ணும் மறுநாள் காலையில் தெருவில் இறங்கும்போது அந்தச் சிலரில் ஒருத்தியாகப் பார்க்கப்படலாம். ஜோன்ஸும் ஆலனும் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். எங்களை மட்டும் பெயர் சொல்லித் தூக்கி நிறுத்தினால், எங்களோடு உழைத்த மற்றவர்கள் தாமாகவே கீழே தள்ளப்படுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். தமக்குக் கிடைத்த புகழையே மறுப்பின் தொடக்கமாக்கிய அந்த மனத்திண்மை என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது.

அவர்கள் எப்படிக் களத்தில் இறங்கினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கம் என்ற பரஸ்பர உதவி அமைப்பை இருவரும் 1787இல் தொடங்கியிருந்தார்கள். 1793 செப்டம்பர் தொடக்கத்தில், கறுப்பின மக்கள் முன்வந்து நோயாளிகளுக்கு உதவ வேண்டும் என்ற வேண்டுகோள் செய்தித்தாளில் வந்தது. அதன் பின்னணியில் இருந்தவர் டாக்டர் ரஷ். 1748இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பரவிய மஞ்சள் காய்ச்சலைப் பற்றி ஜான் லைனிங் என்ற மருத்துவர் எழுதியதை அவர் படித்திருந்தார்; கறுப்பர்களை இந்த நோய் தொடாது என்று நம்பினார். ரஷ் அடிமைமுறையை எதிர்த்தவர், ஜோன்ஸுக்கும் ஆலனுக்கும் நண்பர், அவர்கள் கட்டிக்கொண்டிருந்த ஆப்பிரிக்கத் தேவாலயத்துக்கு உதவியவர். நல்லெண்ணத்தோடு சொன்ன அந்தத் தவறான தகவல் எத்தனை பேரைச் சாவின் வாசலுக்கு அனுப்பியது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

சங்கத்தினர் கூடிப் பேசிவிட்டுப் புறப்பட்டார்கள். முதலில் போனது எம்ஸ்லி சந்தில் ஒரு வீடு. அங்கே கணவன் சாகும் தறுவாயில் கிடந்தான். மனைவி ஏற்கெனவே பிணமாகியிருந்தாள். பக்கத்தில் இரண்டு குழந்தைகள், வேறு யாரும் இல்லை. அன்று ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பார்த்தார்கள். பிறகு மேயரைக் கண்டு பேசி, செவிலியரை ஏற்பாடு செய்வதையும் பிணங்களை அகற்றுவதையும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

கேரி எழுதும் அதே கைவிடப்பட்ட நிலையைத்தான் இவர்களும் எழுதுகிறார்கள். ஆனால் கேரியின் கண் தெருவில் இருக்கிறது. இவர்கள் அறைக்குள் நிற்கிறார்கள். தாய் இறந்ததே தெரியாத பிள்ளைகள், அம்மா தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று பிணமெடுக்க வந்தவர்களிடம் சொல்வது இவர்கள் நூலில்தான் இருக்கிறது. பிணத்தோடு என் வீட்டு வழியாக வந்தால் சுட்டுவிடுவேன் என்று ஒரு வெள்ளையர் மிரட்டுகிறார். மூன்று நாள் கழித்து அவரையும் இவர்களே புதைக்கிறார்கள். இந்த நிகழ்ச்சியை அவர்கள் விவரிக்காமல், விமர்சிக்காமல் கடந்துபோகிறார்கள். பழிதீர்ந்தது என்ற தொனி எங்கும் இல்லை.

கூலி பற்றிய குற்றச்சாட்டுக்கு அவர்கள் தரும் பதில்தான் நூலின் முதுகெலும்பு. அதற்கு அவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்தார்கள். பிணங்களைப் புதைத்ததற்கும் நோயாளிகளின் படுக்கைகளைப் புதைத்ததற்கும் வந்த மொத்தப் பணம் 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். பணம் திரும்பக் கிடைக்காத சவப்பெட்டிகளுக்குச் செலவு 33 பவுண்டு. ஐந்து ஆட்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர்களில் மூவர் 70 நாளும் இருவர் 63 நாளும் உழைத்தார்கள். நாளொன்றுக்கு ஆளுக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் கூலி 378 பவுண்டு. ஆக 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ் கைநட்டம். வர வேண்டிய கடன் 110 பவுண்டில் பெரும்பகுதி வராது என்றும் எழுதுகிறார்கள். நூற்றுக்கணக்கான ஏழைகளையும் அந்நியர்களையும் ஒரு காசு வாங்காமல் புதைத்தது இந்தக் கணக்கில் சேராது.

இந்தக் கணக்கை நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒரு பென்னி பிசகவில்லை. அதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. பென்சில்வேனியா நாணயத்தில் அன்று ஏழரை ஷில்லிங் ஒரு டாலர். அப்படியானால் ஜோன்ஸும் ஆலனும் தாங்கள் அமர்த்திய பிணந்தூக்கிகளுக்கே நாளொன்றுக்கு மூன்று டாலர் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு அதற்குக் குறைத்து ஆள் கிடைக்கவில்லை. கேரி பிடுங்கல் என்று சொன்ன தொகை அன்றைய பிலடெல்பியாவில் சாவோடு கைகலக்கும் வேலைக்கான சந்தை விலைதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விலையை ஏற்றியது யார் என்பதற்கும் பதில் இருக்கிறது. ஒரு குடும்பம் ஒரு செவிலியை அமர்த்தியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கூடுதல் தொகை சொல்லி அவரை இழுத்துக்கொள்வார். கூலியைக் குறைக்கச் சொல்லி மேயரே ஒருமுறை இவர்களை அழைத்துப் பேசினார். மக்கள் ஒருவரை ஒருவர் விஞ்சி ஏலம் கேட்பதுதான் காரணம் என்று இவர்கள் விளக்கியதும், இதில் செய்ய ஒன்றுமில்லை என்று அந்தப் பேச்சு முடிந்தது. கேரியின் நூலில் விலையேற்றத்துக்கு வாங்கியவர் மட்டுமே பொறுப்பு. கொடுத்தவர் ஏலம் கேட்டது அங்கே இல்லை.

பிறகு அவர்கள் பெயர்களைச் சொல்லத் தொடங்குகிறார்கள். இந்தப் பக்கங்களுக்காகவே இந்த நூல் வாழ வேண்டும். சாரா பாஸ் என்ற ஏழை விதவை பல குடும்பங்களில் கூலி கேட்காமல் பணி செய்தார். சீசர் கிராஞ்சல் பணம் வாங்க மறுத்துப் பணி செய்தார், பின்னர் இறந்துபோனார். சாம்சன் என்பவர் ஆளில்லாத வீடுகளைத் தேடித் தேடிப் போய் உதவினார், கடைசியில் தாமும் மாண்டார். அவர் காப்பாற்றியவர்கள் அவர் குடும்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. தந்தையையும் மகனையும் பராமரித்த மேரி ஸ்காட், இருவரும் இறந்தபின் கேட்டது நாளுக்கு அரை டாலர். அது போதாது என்று சொன்ன அந்த வீட்டு விதவை, ஆண்டுக்கு ஆறு பவுண்டு வாழ்நாள் உதவித்தொகை ஏற்பாடு செய்தார். வயதான ஒரு பெண்மணியிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, குளிர்காலத்தில் ஒருவேளைச் சாப்பாடு போதும் என்றாராம். இவருக்குப் பெயர் இல்லை. ஆனாலும் அவர் கும்பலில் ஒருவராக மறைந்துவிடவில்லை.

புஷ் ஹில்லைப் பற்றியும் இவர்களிடம் ஒரு செய்தி இருக்கிறது. அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நிபந்தனையில் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்கள். அவர்களுக்காக விண்ணப்பித்தவர்கள் ஆப்பிரிக்கத் தேவாலயத்தின் மூப்பர்கள். ஜிரார்டும் ஹெல்மும் நடத்திய மருத்துவமனையின் கட்டிலருகே நின்றவர்கள் யார் என்று கேட்டால் இதுதான் விடை.

வெள்ளையர் செய்த பிடுங்கலையும் அவர்கள் எடுத்துவைக்கிறார்கள். ஒரு பிணத்தைப் பெட்டியில் வைக்க ஒரு வெள்ளைப் பெண்மணிக்கு ஆறு பவுண்டு. அந்தப் பெட்டியை மாடியிலிருந்து இறக்க நான்கு வெள்ளையருக்கு நாற்பது டாலர். கேரியையும் விட்டுவைக்கவில்லை. நோய்க்கால நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சில நாட்களிலேயே அவர் நகரை விட்டுப் போனதைச் சொல்லி, ஓடுவதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டு, பேராசை பிடித்த செவிலியர் பன்னிரண்டு பேர் சேர்ந்து சம்பாதித்ததைவிட இந்நூல் விற்பனையில் அவர் சம்பாதித்தது அதிகமாக இருக்கும் என்று திருப்பியடிக்கிறார்கள். நூலிலேயே மிகக் கூர்மையான இடம் இது. கடுமையான பேச்சுதான். ஆனால் செய்தி கிடைக்காத நேரத்தில் செய்தி விற்பதும், ஆள் கிடைக்காத நேரத்தில் உழைப்பை விற்பதும் ஒன்றுதான் என்ற அந்த ஒப்பீட்டை மறுக்கக் கேரியின் பக்கத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜோன்ஸ், ஆலன் நூலிலும் என்னைச் சங்கடப்படுத்தும் ஓரிடம் உண்டு. டாக்டர் ரஷ் கற்றுக்கொடுத்தபடி 800 பேருக்கும் மேல் ரத்தம் இறக்கியதாகப் பெருமையோடு எழுதுகிறார்கள். ரஷ்ஷின் சிகிச்சை, பாதரசம் கலந்த கடும்பேதி மருந்தும் மீண்டும் மீண்டும் ரத்தம் வடிப்பதும்தான். செயின்ட் டொமிங்கிலிருந்து வந்து புஷ் ஹில்லில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் ஜான் தெவேஸ் ரத்தம் இறக்குவதில் மிகுந்த கட்டுப்பாடு காட்டினார். ஓய்வும் நீராகாரமும் தந்தார். வாந்தியும் ரத்தப்போக்குமாக உடல் நீர் வற்றிக்கிடக்கும் நோயாளிக்கு ரஷ்ஷின் முறை தீங்குதான் செய்திருக்கும். மருத்துவர்களே போதாத ஊரில், நாட்டின் மிகப் பெயர்பெற்ற மருத்துவர் சொன்னதைச் செய்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கை ஏந்திய கத்தி எல்லாரையும் காப்பாற்றவில்லை என்பதையும் மறைக்க முடியாது.

நோய் கறுப்பர்களைத் தொடாது என்ற நம்பிக்கையில் இரு நூல்களும் நேருக்கு நேர் மோதுகின்றன. தொடக்கத்தில் அவர்களில் யாருக்குமே அநேகமாக வரவில்லை, பின்னர் வந்தவர்களும் அதிகமில்லை என்றது கேரியின் நூல். ஜோன்ஸும் ஆலனும் நகரின் இறப்புப் பட்டியலைக் கையில் எடுத்தார்கள். 1792இல் புதைக்கப்பட்ட கறுப்பின மக்கள் 67 பேர். 1793இல் 305 பேர். கூடுதல் 238. பிலடெல்பியாவில் அப்போது வாழ்ந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 2,500 பேர்தான். நகரம் முழுவதும் பத்தில் ஒருவர் இறந்தார் என்றால், இவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு. மேற்கு ஆப்பிரிக்காவிலோ கரீபியத் தீவுகளிலோ சிறுவயதில் இந்தக் காய்ச்சல் வந்து பிழைத்தவர்களுக்கு எதிர்ப்புசக்தி இருந்திருக்கும். பென்சில்வேனியாவிலும் டெலவேரிலும் பிறந்தவர்களுக்கு அது எங்கிருந்து வரும்? ரஷ் பின்னர் தன் தவறை ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த நம்பிக்கை ஒழியவில்லை. அடுத்த நூற்றாண்டில் தென் மாநிலங்களில், காய்ச்சல் பரவும் நிலங்களில் கறுப்பர்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்குவது இயற்கையின் ஏற்பாடு என்று வாதிடுவதற்கு அது பயன்பட்டது. இறப்புப் பட்டியலைக் கொண்டு அதை மறுத்த இரண்டு பேரின் நூல் 1794இலேயே அச்சில் இருந்தது.

மறுப்போடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. நூலின் இறுதியில் அடிமைகளை வைத்திருப்போருக்கு ஒரு கடிதம், தம் மக்களுக்கு ஒரு கடிதம் என்று விரிகிறது. காய்ச்சலைப் பற்றிய நூலில் இது எதற்கு என்று அன்றைய வாசகர் கேட்டிருக்கலாம். கேரிக்குப் பேரிடர் என்பது ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடிந்த ஒன்று. ஜோன்ஸுக்கும் ஆலனுக்கும் அது அப்படி முடியவில்லை. தங்கள் இனத்தவரை நம்பத்தகாதவர்கள் என்று எளிதில் எழுதிவிட முடிகிறது என்றால், அதன் வேர் அடிமைமுறையில் இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அவர்கள் சொல்லை நம்புவதற்கு மேயர் கிளார்க்சன் கையெழுத்திட்ட நற்சான்றும் நூலில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது. கேரியின் நூல் எந்தச் சான்றிதழும் இல்லாமல் வெளியானது, வாசகர்கள் நம்பினார்கள்.

பிற்காலப் பதிப்பில் கேரி திருத்தம் செய்தால் பழுது நீங்கிவிடாதா என்ற கேள்வியையும் ஜோன்ஸும் ஆலனும் எதிர்கொண்டார்கள். முதல் மூன்று பதிப்புகள் ஊரெங்கும் போய்விட்டன, அவற்றைப் படித்த ஆயிரக்கணக்கானோர் நான்காம் பதிப்பைக் கையால் தொடப்போவதில்லை, ஆகவே எந்தத் திருத்தமும் நடந்ததை ஈடுசெய்யாது என்று எழுதினார்கள். அச்சுத்தொழில் நன்கு அறிந்த கேரிக்கு இது தெரியாததல்ல. 1794 ஜூலையில் ஜோன்ஸின் தேவாலயமும் ஆலனின் தேவாலயமும் சில நாள் இடைவெளியில் பிலடெல்பியாவில் திறக்கப்பட்டன. காய்ச்சல் 1797இலும் 1798இலும் நகரத்துக்குத் திரும்பி வந்தது.